எதுவும் திரும்பி வராத அறை

கட்டடக்காரிக்குக் கொஞ்ச நாளாகவே வீட்டுச் சுவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பார்வைக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். ஊசியில் நூல் கோக்க இன்னும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். கோளாறு முழுக்க அவளுடைய நாத்தனாரால் வந்தது.

நாத்தனாருக்கு வீட்டில் கம்பி என்று பெயர். சின்ன வயசில் மொட்டை மாடிக்கு ஏறி, கொடிக்கம்பியை அவிழ்த்து வளைத்துக் கட்டி, கடலுக்கு அப்பால் யாரோ பாடுவதை ரேடியோவில் பிடித்துக் காட்டுவாளாம். துவைத்த துணியெல்லாம் தரையில் கிடக்கும். அன்று ஒட்டிய பெயர், அவள் ஆன்டெனா ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய பதவிக்கு வந்து, தலையில் நாலு முடி நரைத்த பிறகும் உதிரவில்லை. கட்டடக்காரி கம்பியின் அண்ணன் மனைவி. கட்டடம் வரைவது தொழில். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஒரு மீன் மார்க்கெட் எல்லாம் வரைந்திருக்கிறாள். எதை வரைந்தாலும் ஜன்னலில்தான் ஆரம்பிப்பாள்.

கம்பி பல வருஷமாக மேலிடத்தோடு மல்லுக்கட்டி ஒரு கட்டடத்துக்கு அனுமதி வாங்கினாள். ஆன்டெனாக்களைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு கட்டடம். வரைந்தவர் யாரென்று தெரியாதபடி படங்களை மட்டும் வாங்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். தேறியது அண்ணியின் படம். பெயர் வெளியே வந்ததும் மெல்லுகிற வாய்களுக்கெல்லாம் அவல் கிடைத்தது. “நாத்தனார் சமையல், அண்ணி சாப்பாடு” என்று நிலையத்தின் நடைபாதைகளில் பேசிக்கொண்டார்கள். கம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் நாளே வரைபலகைக்கு முன்னால் வந்து நின்று, அங்கிருந்த ஜன்னல்களை எல்லாம் சிவப்பு பென்சிலால் அடித்தாள்.

“அண்ணி, உங்க கண்ணால வரையாதீங்க. அலையோட கண்ணால வரைங்க.”

“அலைக்கு ஏதுடி கண்ணு?”

“இருக்குன்னு வெச்சுக்கங்களேன். அதுக்கு மரம், துணி, கண்ணாடி எல்லாம் இருந்தும் இல்லாத மாதிரிதான், அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். செங்கல் சுவர்னா பனிமூட்டம். தண்ணின்னா தடுமாறும், மனுஷ உடம்பும் அதுக்குத் தண்ணிதான். இரும்பு மட்டும் முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி. முட்டித் திரும்பி வந்துடும்.”

ஓர் ஆன்டெனா என்ன சொல்கிறது என்று தெரியவேண்டுமானால் அது சொன்னதை மட்டும் கேட்கவேண்டும். சுவரில் முட்டித் திரும்பி வருவது கலந்துவிடக் கூடாது. ஊரே செல்போனில் பேசிக்கொண்டிருக்கிறது, அதுவும் உள்ளே வரக் கூடாது. ஆகவே முதலில் ஓர் இரும்புப் பெட்டி, வீடளவு பெரியது, வெளியிலிருந்து எதுவும் நுழையாமல். அந்தப் பெட்டிக்குள் தரை, சுவர், கூரை எல்லாவற்றிலும் கரி ஊறிய நீல நுரைக் கூம்புகள், கூர்நுனி உள்பக்கம் பார்த்தபடி, உள்ளே கிளம்பும் அலையைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும்படி. நடுவில் ஆன்டெனாவை வைத்துத் திருப்ப ஒரு சுழல்மேடை. சாலையில் லாரி போனாலும் அது அதிராமல் இருக்க அதற்கு மட்டும் தனி அஸ்திவாரம். இவ்வளவுதான் கேட்டது. கேட்பதற்கு எளிமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் வீட்டுச் சுவர்கள் காணாமல் போயின. இரவில் படுத்தபடி கட்டடக்காரி அலையாகிப் பழகினாள். கண்ணை மூடினால் கதவுகள் கரைந்தன, மேஜை நாற்காலிகள் கரைந்தன. ஃப்ரிட்ஜும் பீரோவும் மட்டும் அந்தரத்தில் பளபளவென்று நின்றன. மாடியில் தொட்டித் தண்ணீர் ஏந்துவாரில்லாமல் ஒரு கனசதுரமாக மிதந்தது. பக்கத்துப் படுக்கையில் கணவர் படுத்திருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தெருவே அப்படித்தான் இருந்தது. சுவரில்லாத வீடுகளில் தண்ணீர் மனிதர்கள் மாடியேறி இறங்கினார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒரே தண்ணீரானார்கள். பகலில் பஸ்ஸில் போகும்போதுகூட இப்படித் தெரிய ஆரம்பித்தது. பயமாக இல்லை. ரொம்ப அழகாக இருந்தது.

கணவரிடம் சொன்னாள். அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். சொற்களையும் சொட்டு மருந்து கணக்கில்தான் வெளியே விடுவார்.

“ம்” என்றார்.

கம்பியிடம் சொன்னாள். கம்பி அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்து, “நான் எப்படித் தெரிஞ்சேன்? பருமனா? உண்மையைச் சொல்லுங்க” என்று ஆரம்பித்து, இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்து, சாதம் ஆறிப்போனது.

விஷயமே இதில்தான் இருக்கிறது. கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து கட்டடக்காரிக்குப் பேச்சுத்துணை கம்பிதான். அந்தக் கம்பிக்கு இப்போது கடல் தாண்டி ஒரு பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. அங்கே ஒரு மைதானம் நிறைய ஆன்டெனாக்கள், அத்தனைக்கும் தலைமை. கம்பி அவர்களிடம் ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: என் அறை சோதனையில் தேறட்டும், வருகிறேன்.

“தேறலன்னா?” என்று கட்டடக்காரி ஒரு நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, பாத்திரத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

“தேறலன்னா எங்க போறது? நானா இழுத்து விட்டுக்கிட்டது, இருந்து சரி பண்ணித்தான் ஆகணும். வருஷக்கணக்கா இழுக்கும். அதுவரைக்கும் அவங்க காத்துக்கிட்டா இருப்பாங்க? வேற ஆளைப் பாத்துப்பாங்க.”

ஆக, அறை தேறினால் கம்பி போய்விடுவாள். தேறாவிட்டால் இங்கேயே இருப்பாள். கம்பி போய்விட்டால் அந்த வீட்டில் மிஞ்சப்போவது இரண்டு பேரும் ஒரு ‘ம்’மும். இது தெரிந்துகொண்டே கட்டடக்காரி வரைந்தாள். அரைகுறையாக வரைந்திருக்கலாம். அவள் கைக்கு அது வராது. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொள்கிற அந்த வேலையை, வாழ்க்கையில் எதையும் செய்யாத அளவுக்கு நன்றாகச் செய்தாள். காற்று வரும் வழிக்குத் தேன்கூடு போன்ற உலோக வலை வைத்தாள், காற்று நுழையும், அலை நுழையாது. கதவுச் சட்டத்தைச் சுற்றி விரல் விரலாக வெட்டிய செம்புப் பட்டை வைத்தாள். கதவு மூடும்போது அந்த விரல்கள் எல்லாம் அழுந்திக் கதவின் இரும்பைத் தொட்டுக்கொள்ளும், மயிரிழை இடைவெளி இருக்காது.

கட்டடம் எழுந்தது. சோதனை செய்ய வெளியிலிருந்து ஒரு குழு வரும் நாளும் குறித்தாயிற்று. அதற்கு முந்தின வாரம் கம்பி அறைக்குள் நின்று கதவின் உள்பக்கத்தை முறைத்தாள்.

“அண்ணி, அந்தக் கைப்பிடி. எப்படி மின்னுது பாருங்க.”

மனிதக் கண்ணுக்கு அது மங்கலான, சாம்பல் நிறக் கைப்பிடி. கட்டடக்காரி கண்ணை மூடிப் பார்த்தாள். நீல இருட்டுக்கு நடுவே அது நிலாத்துண்டு மாதிரி எரிந்தது.

“ஆமாடி. எனக்கும் உறுத்துது. கழட்டிடலாம். சோதனை முடிஞ்சதும் மாட்டிக்கலாம்.”

கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு வரிசைக் கூம்பை ஒட்டினார்கள். இரண்டு பேருக்கும் அப்படியொரு திருப்தி. உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவார் என்ற கேள்வி படித்த அந்த இரண்டு மண்டைகளிலும் உதிக்கவே இல்லை. அலைக்குக் கைப்பிடி எதற்கு? அவர்கள் அப்போது மனுஷிகளாக இல்லை.

சோதனைக்கு முந்தின நாள் விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் போனார்கள். கம்பி தன் செல்போனை வெளி அறையில் வைத்துவிட்டாள், அறைக்குள் அவள் அதைக் கொண்டுவருவதே இல்லை. கூம்புகளுக்கு நடுவே போடப்பட்ட மெத்துமெத்தென்ற நடைபாதை வழியாகப் போய், சுழல்மேடைக்குப் பின்னால் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தார்கள். கூரையின் நீலக் கூர்கள் கீழே நோக்கி நின்றன. பார்த்துக்கொண்டே இருந்தால் தாங்கள்தான் மேலே இருப்பது போலவும் கூரைதான் கீழே இருப்பது போலவும் ஆகிவிட்டது. பேச்சு மெல்ல மெல்ல நின்றது. அந்த அறையில் பேசினால் சத்தம் உதட்டைத் தாண்டியதுமே பஞ்சில் விழுந்துவிடும்.

கதவைத் திறந்து போட்டால் செம்பு விரல்களில் தூசி படியும், விளக்கெரிந்தால் மின்சாரம் வீண், எப்போது பார்த்தாலும் அணைத்துவிட்டு மூடிவிடுங்கள் என்று காவலாளிக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தவள் கம்பி. காவலாளி சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். எட்டிப் பார்த்தார், ஆள் தெரியவில்லை. குரல் கொடுத்தார், அந்தக் குரலைக் கூம்புகள் தின்றன. விளக்கை அணைத்தார், கதவைச் சாத்தினார், வாசலுக்குப் போய்விட்டார்.

காது அடைத்தது போல ஒன்று. அப்புறம் இருட்டு.

“யாரது?” என்று கத்தினாள் கம்பி. கட்டடக்காரிக்குப் பக்கத்தில் படுத்திருந்தும் அது யாரோ தூரத்தில் முணுமுணுத்தது போலக் கேட்டது. இரண்டு பேரும் எழுந்து, செல்போன் வெளிச்சத்தில் தடவித் தடவிக் கதவருகே போனார்கள். கைப்பிடி இருந்த இடத்தில் கூம்புகள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. கதவைக் குத்தினார்கள். நுரை மெத்தையைக் குத்தினால் என்ன கேட்கும்?

“அண்ணி, போன்ல சிக்னல் பாருங்க.”

ஒரு கோடுகூட இல்லை.

கட்டடக்காரி போனை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்தாள். கம்பியோ இருட்டில் கைதட்டினாள். “பாத்தீங்களா! ஒரு கோடு வரல! அண்ணி, உங்க கையைக் குடுங்க, கண்ணில ஒத்திக்கிறேன்!”

“ஏண்டி, மாட்டிக்கிட்டிருக்கோம்.”

“மாட்டிக்கிட்டாலும் மாட்டினது எப்பேர்ப்பட்ட கட்டடம்! காத்து வருது, மூச்சு முட்டாது. காலையில குழு வரும், திறப்பாங்க. மானம் போகும், அவ்வளவுதான்.” கம்பி சுழல்மேடைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கட்டடக்காரியால் அப்படி உட்கார முடியவில்லை. எங்காவது விரல் விட இடம் இருக்குமா என்று குனிந்து கதவின் விளிம்பைத் தடவிக்கொண்டே போனாள். கீழ் மூலைக்கு வந்தபோது அவள் கையிலிருந்த திரையில், மூச்சு விடுவது போல, ஒரு கோடு தோன்றி மறைந்தது. மறுபடி தோன்றியது. நின்றது.

அந்தக் கோடு வந்தால் வெளியே போகலாம். அந்தக் கோடு வந்தால் அறையில் ஓட்டை. ஓட்டை என்றால் நாளைக்கு அறை தேறாது, கம்பி எங்கேயும் போகமாட்டாள். ஒரு பேச்சும் பேசாமல், குனிந்தபடியே, கணவருக்கு எழுதினாள்: “சோதனை அறைக்குள்ள ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம். வந்து திறங்க.” பதில் வந்தது. “ம்.”

“என்ன அண்ணி, கதவு என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லல” என்றாள் கட்டடக்காரி. கம்பியிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்து கம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளிச்சத்தை அணைத்துவிட்டாள். அறை போய்விட்டது. சுவரும் இல்லை, தரையும் இல்லை, எவ்வளவு பெரிய இடத்தில் இருக்கிறோம் என்பதும் இல்லை. தன் இதயம் தட்டுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தோளில் சாய்ந்திருந்த கம்பியின் இதயமும் கேட்பது போலிருந்தது. இத்தனை மாதமாக அவள் கண்ணை மூடிக்கொண்டு பார்த்ததுதான், இரண்டு தண்ணீர், பக்கத்தில் பக்கத்தில், வேறெதுவும் இல்லாத ஓர் உலகத்தில். இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று அவளுக்கு வெட்கமில்லாமல் தோன்றியது.

“அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது. எனக்கு அங்க போறதுக்குப் பயம்.”

“உனக்கா?”

“நான் இதுவரைக்கும் எதையும் முழுசா முடிச்சதில்ல. எல்லாம் பாதியிலயே கைமாறிப் போயிடும், இல்லன்னா மேல இருக்கிறவன் மூடிடுவான். அவ்வளவு பெரிய இடத்துல போய் நின்னா, இவ என்னத்தைச் சாதிச்சான்னு கேட்டா, என்ன சொல்றது? இப்ப இந்த இருட்டுல உக்காந்திருக்கேன் பாருங்க, ஒரு சத்தம் இல்ல, ஒரு கோடு வரல. இப்பதான் முதல் தடவையா தைரியம் வருது. போகலாம்னு.”

கட்டடக்காரி கம்பியின் தலையைத் தடவிக் கொடுத்தாள். முகம் தெரியாத இருட்டு நல்லதாகப் போயிற்று.

காது மறுபடி அடைத்துத் திறந்தது. வாசலில் வெளிச்சம், அதில் மருந்துக்கடை அங்கியோடு கணவர், பின்னால் கையைப் பிசைந்துகொண்டு காவலாளி.

“அண்ணா! உனக்கு எப்படித் தோணுச்சு, நாங்க இங்க இருப்போம்னு?” கம்பி ஓடிப்போய் அவர் தோளை உலுக்கினாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

“தோணுச்சு” என்றார் அவர். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

வெளியே சாயங்கால வெயில் எல்லாவற்றின்மேலும் மஞ்சளாகப் படிந்திருந்தது. கம்பி முன்னால், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, காவலாளியை மன்னித்தபடியும் தன்னைத் திட்டியபடியும் ஓயாமல் பேசிக்கொண்டு போனாள். கட்டடக்காரி பின்தங்கி நடந்தாள். சும்மா இருந்தாலே போதும். இனி பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. காரில் ஏறி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டால், மற்றதை நாளைக்கு வருகிற குழுவின் கருவிகள் பார்த்துக்கொள்ளும். கம்பி நாலு நாள் அழுவாள். அப்புறம் காலமெல்லாம் அடுப்படியில் எதிரே உட்கார்ந்து சிரிப்பாள்.

கார்க் கதவைத் திறந்தவள் ஏறாமல் நின்றாள். அவளைக் கேட்டால் தொழில் கௌரவம் என்று சொல்வாள். நம்பாதீர்கள். இருட்டில் ‘போகலாம்னு’ என்று சொன்னபோது கம்பியின் குரல் இருந்த விதம்தான் அவளை ஏறவிடவில்லை.

“கம்பி, உள்ள சிக்னல் வந்துச்சுடி.”

கம்பி அண்ணன் கையை விட்டாள். “எங்க?”

“கதவுக்குக் கீழ் மூலையில. அங்கேர்ந்துதான் இவருக்கு மெசேஜ் போட்டேன்.”

கம்பி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் வானத்தைப் பார்த்தார். அப்புறம் அண்ணியைப் பார்த்தாள், ரொம்ப நேரம். அவள் கணக்கில் புலி, இந்தக் கணக்கைப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

“சொல்லாமலே இருந்திருக்கலாமே அண்ணி” என்றாள் மெதுவாக.

“இருந்திருக்கலாம்.”

“ஏன் சொன்னீங்க?”

“வாடி, வெளிச்சம் இருக்கும்போதே பாத்துடலாம்.”

மூலையில் செம்பு விரல்கள் சில நசுங்கிப் படுத்திருந்தன. கட்டட வேலை நடந்தபோது கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க வாரக்கணக்கில் ஒரு மரக்கட்டையை அங்கே செருகி வைத்திருந்தார்கள், அதன் வேலை. கட்டடக்காரி தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாக நெம்பி நிமிர்த்தினாள். குழந்தைக்கு நகம் வெட்டுகிற பொறுமையோடு செய்தாள். கம்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், தூசி என்று சொல்லிக்கொண்டாள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரே வழிதான். ஒருவர் போனோடு உள்ளே இருக்கவேண்டும், ஒருவர் வெளியிலிருந்து பேசவேண்டும்.

“நான் உள்ள போறேன்” என்றாள் கம்பி.

“வேணாம். நான் கட்டினது, நானே பாக்கிறேன்” என்று கட்டடக்காரி உள்ளே போய் அந்த மூலையில் குந்தினாள். போன் ஒலித்தது. எடுத்தாள். கதவு இன்னும் பாதி திறந்திருந்தது, அதனால் கம்பியின் குரல் இரண்டு பக்கமும் கேட்டது, காற்றிலும் காதிலும்.

“ஏதாவது பேசிக்கிட்டே இருடி. பேச்சு எப்ப நிக்குதுன்னு பாக்கணும்.”

“என்ன பேசறது?”

“உனக்கா பேச்சுக்குப் பஞ்சம்?”

கதவு மெல்ல நகர்ந்தது. வெளிச்சம் கீற்றாகி, நூலாகிக் கொண்டிருந்தது. காற்றில் வந்த குரல் முதலில் போயிற்று. காதில் மட்டும் கம்பி இருந்தாள்.

“அங்க போனதும் தினமும் போன் பண்ணுவேன், அண்ணி. நீங்க பாட்டுக்கு வரையிறேன்னு உக்காந்துகிட்டு எடுக்காம இருந்தீங்கன்னா அண்ணனைப் பேச வெச்சுடுவேன், ஆமா. அப்புறம், அண்ணி, உங்ககிட்ட நான் இதுவரைக்கும் சொன்னதே இல்ல, உங்களை மாதிரி எனக்கு…”

செம்பு விரல்கள் கதவைத் தொட்டன.

திரையில் ஒரு கோடும் இல்லை. மூலையில் வைத்துப் பார்த்தாள், கதவோரம் நெடுக நகர்த்திப் பார்த்தாள், எங்கேயும் இல்லை. அப்பழுக்கில்லாமல் கட்டியிருந்தாள். அந்தப் பெருமை நிஜமாகவே இருந்தது, அதோடு சேர்ந்து கம்பி போகப்போவதும் இருந்தது. போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அந்தச் செத்த போனுக்குள் சொன்னாள்.

“போயிட்டு வா, கம்பி.”

குரல் உதட்டருகிலேயே விழுந்தது. கம்பி வெளியிலிருந்து கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரமானது. அதற்குள் கட்டடக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.